மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மூன்று சிவப்பு

ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம் சொல்வதற்கு எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "துணியே அப்படித்தான் வந்துச்சு மேடம்." மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்ல வேண்டும். குரலில் கொஞ்சம் பரிதாபமும் வேண்டும், ஐயோ பாவம், துணிக்கடைக்காரன் இவர்களை ஏமாற்றிவிட்டானே என்பதுபோல. 'நான்தான் தப்பாக வெட்டிவிட்டேன்' என்று ஒத்துக்கொண்ட தையல்காரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் கடை அடுத்த மாதம் இருக்காது.

முப்பது வருடம் அதைச் சொல்லியே பிழைத்தேன். சேலையூர்ப் பக்கம் ஒரு டீச்சர், சர்ச்சில் மகளுக்கு நடக்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்திருந்தார். வெள்ளையிலேயே கொடியும் பூவும் ஓடுகிற துணி. பின்பக்கத் துண்டைப் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்கும்படி வெட்டிவிட்டேன். டீச்சர் வந்து பார்த்துப் பதறினார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்தம்மா நேராகத் துணிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடி வேறு துணி வாங்கிவந்தார். நானும் கூச்சமே இல்லாமல் வாங்கித் தைத்தேன். தைத்து முடித்ததும் எனக்கு ஒரு பிளம் கேக் வேறு கொண்டுவந்து தந்தார். அதையும் தின்றேன். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது என் கடை. வீட்டுக்காரர்கள் இடத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். மெஷினை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அலைந்துகொண்டிருந்தபோதுதான் மண்டபத்துக் கண்காட்சி கிடைத்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மார்கழியிலும் வைக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இரண்டும் கிடையாது, ஆனால் நாங்கள் சர்ச் ஹாலிலேயே பிரியாணியைப் போட்டு முடித்துவிடுகிறோம். அதனால் அந்த மாதங்களில் கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டும். கண்காட்சிக்காரர்கள் சல்லிசாக வாடகை பேசி உள்ளே நுழைந்துவிடுவார்கள். வாசலில் பேனர் ஏறும்: 'மாபெரும் கைத்தறி, கைவினைப் பொருட்கள் கண்காட்சி மற்றும் விற்பனை. கடைசி மூன்று நாட்கள்!' முதல் நாள் காலையிலேயே அப்படித்தான் ஏறும். பத்தொன்பதாம் நாளும் அதே பேனர்தான் தொங்கும்.

அதை நடத்தியவரை எல்லோரும் 'அண்ணா' என்றார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த நான் உட்பட. மேடவாக்கத்துக்காரர். ஆரணிப் பக்கம் ஓர் ஊரில் முப்பது தறிகளுக்கு நூல் கொடுத்து, கூலிக்கு நெய்யவைத்து, புடவைகளைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் தன் கடையில் அடுக்குவார். சுற்றியிருக்கிற இடங்களை மரச்செப்புக்காரர், சுடுமண் குதிரைக்காரர், பனையோலைக் கூடைக்காரர் என்று வாடகைக்கு விடுவார். என்னிடம் மட்டும் வாடகை கேட்கவில்லை.

"நீ நம்ம அக்கா மாதிரி. வாசப்படியாண்ட மெஷினப் போட்டுக்கோ. நம்ம சரக்குக்கு மட்டும் ஓரம் அட்சிக் குட்துடு, போதும்" என்றார்.

ஒருவர் வாயிலிருந்து 'அக்கா மாதிரி' வந்தால் உஷாராகிவிட வேண்டும். எனக்கு அந்த வயதிலும் அது தெரியவில்லை. உச்சி குளிர்ந்துபோய் மெஷினைக் கொண்டுவந்து போட்டேன்.

என் வேலை இதுதான். புடவை வாங்கியவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வருவார்கள். கீழ்க்கரையில் ஃபால்ஸ் வைக்க வேண்டும். இரண்டு முனையையும் நேராக வெட்டி ஓரம் அடிக்க வேண்டும். தறியிலிருந்து இறங்குகிற புடவைக்கு முனை ஒழுங்காக இருக்காது. பிசிறு தொங்கும். நெய்ய ஆரம்பித்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ட கண்ட நூல் ஓடியிருக்கும். அதை நாங்கள் கழிவு என்போம். கழிவை வெட்டிக் காலடியில் இருக்கும் பையில் போட்டுவிட்டு ஓரத்தை மடித்து அடித்துவிடுவோம். அதற்கு மூளையே வேண்டாம், கை தானாகச் செய்துவிடும்.

வந்த கூட்டத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல. ஒரு பெரியவர் சட்டைப் பையில் தீப்பெட்டியோடு வந்தார். புடவையிலிருந்து ஒரு நூலை உருவி, கொளுத்தி, மோந்து பார்த்து, "முடி கருகுற வாசனை வரணும். இதுல பேப்பர் வாசனை வருது. பட்டே இல்ல" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். "சார், அது காட்டன் சார். சீட்டிலயே போட்டிருக்கு" என்றாள் விற்கிற பெண். "அதான் சொல்றேன், பட்டு இல்லன்னு" என்று பெருமையாக மனைவியைப் பார்த்தார். மனைவியும் தலையாட்டினார். இன்னொரு அம்மாள் சுடுமண் குதிரையைத் தூக்கிப் பார்த்து, "சைனாவா?" என்று கேட்டார். குதிரைக்காரரின் விரலிடுக்கில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் குதிரையை வாங்கி வைத்துவிட்டார்.

மணமேடையில் ராஜா ராணி நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அண்ணா ஒரு சின்னத் தறியைப் பூட்டியிருந்தார். 'நேரடி நெசவு' என்று ஒரு பலகை. பின்சுவரில் யாரோ ஒரு ஜோடியின் வரவேற்புக்கு ஒட்டிய ஜிகினா எழுத்துகள் பாதி உரிந்தபடி இருந்தன. தறியில் உட்கார்ந்திருந்தவள் அவருக்குக் கூலிக்கு நெய்கிற பெண்களில் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, நீளமான விரல்கள். யாராவது மேடையேறினால் சிரிக்க வேண்டும் என்று அண்ணா சொல்லிவைத்திருந்தார். அவள் சிரிக்க மாட்டாள்.

மேடையேறுகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். செல்போனை நீட்டுவார்கள். "கொஞ்சம் எந்திரிங்க, எங்க பொண்ணு மட்டும் உக்காரட்டும், ஒரே ஒரு போட்டோ" என்பார்கள். அவள் எழுந்து அந்த ராஜா ராணி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். அவர்கள் மகள் தறியில் உட்கார்ந்து கன்னத்தில் விரல் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும். இறங்கிப் போனதும் அவள் மறுபடி உட்கார்ந்து, அறுந்த நூலை முடிந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பத்தொன்பது நாளில் அவள் அங்கே நெய்தது ஒரு முழம்கூடத் தேறாது.

"ஊர்ல இருந்தா இந்நேரம் ரெண்டு புடவை இறக்கியிருப்பேன் அக்கா. இங்க கொண்டாந்து குரங்கு மாதிரி உக்கார வெச்சிருக்காரு" என்றாள் என்னிடம்.

மத்தியானம் நாங்கள் இருவரும் பந்திக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவோம். நூறு பேர் உட்காரும் நீள மேசையில் நாங்கள் இரண்டே பேர். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிற மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்த நாளில் அவளுக்கென்று தனிக் கிண்ணம் கொண்டுபோவேன். அவள் என்னை 'அக்கா' என்பாள். நான் 'ஏம்மா' என்பேன். மண்டபத்தில் மற்றவர்கள் அவளைத் 'தறியம்மா' என்றார்கள். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அவள்தான் அந்தத் தட்டான் புடவையை எனக்குக் காட்டினாள். அண்ணாவின் கடையில் தனியாகக் கண்ணாடிக்குள் தொங்கியது. மஞ்சள் இழைத்த நிறத்தில் காட்டன், உடம்பு முழுக்கத் தட்டான்கள். ஒவ்வொன்றின் இறக்கையும் ஒவ்வொரு சாய்வில் இருந்தது. மழை வருவதற்கு முன்பு எங்கள் ஏரிக்கரையில் இப்படித்தான் பறக்கும் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அந்த டிசைனை மகளுடைய கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்தது அவள்தானாம். முதலில் கொண்டுபோய்க் காட்டியபோது, "பூச்சிய எவ கட்டுவா?" என்று கேட்டாராம் அண்ணா. முதல் நாலு புடவை வைத்த இடம் தெரியாமல் விற்றுப்போனதும் 'நம்ம டிசைன்' ஆகிவிட்டது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மேடம்ங்க வராங்களாம். தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

கைவினைஞர்களுக்காக இருக்கிற ஏதோ ஓர் அமைப்பு. கண்காட்சி கண்காட்சியாகப் போய், ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து, அதை நெய்தவருக்கு ஒரு வருடத்துக்கு ஊர் ஊராகத் தங்கள் கண்காட்சிகளில் இலவசமாக ஒரு மேசை தருவார்களாம். நெய்தவர்தான் உட்கார வேண்டும், முதலாளி உட்காரக் கூடாது. தட்டான் புடவைக்கு அண்ணா மனு எழுதிப் போட்டிருந்தார்.

"நெய்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்காம். அதுல என் பேரப் போடறேன்னிருக்காரு. பலகையில என் பேரு எழுதி வெப்பாங்களாம் அக்கா. அதுக்குக் கீழ நான் உக்காந்திருப்பேன். சொந்தமா நூல் எடுத்து நெய்ஞ்சுக்குவேன். இவருகிட்ட இனிமே கூலிக்கு நிக்க வேணாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே ஒழிய வாயில் வைக்கவில்லை. "என் பேரு போட்ட பலகை" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அந்த ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகாமல் மண்டபத்துக்குப் போனேன். பெரிய கூட்டம் வரும் என்று அண்ணா சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அவரே தட்டான் புடவையை எடுத்துக்கொண்டு என் மெஷினுக்கு வந்தார்.

"அக்கா, மேடம்ங்க வந்துகினே கீறாங்க. இது முனையெல்லாம் எப்டி பிஞ்சி கீது பாரு. நல்லா ஒட்ட வெட்டி, நீட்டா அட்சிக் குடு."

விரித்தேன். ஒரு முனையில் பிசிறு. இன்னொரு முனையில், நெய்ய ஆரம்பித்த இடத்தில், மெல்லிசாகக் கோடுகள். மூன்று சிவப்பு, நடுவில் ஒரு பச்சை, மறுபடி மூன்று சிவப்பு. கழிவு நூலை இவ்வளவு நேர்த்தியாக எவளும் விட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கணம் கத்தரி நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. நறுக்கென்று வெட்டிப் பையில் போட்டேன். மடித்து அடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு மேடம் வந்தார், கூட இரண்டு பேர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு தட்டானாகப் பார்த்தார். பிரமாதம் என்றார். பிறகு மனுவைக் கையில் எடுத்து, நெய்தவர் பெயரை வாசித்தார். அண்ணாவின் பெயரை வாசித்தார்.

தறியம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

"மேடம், இத நெய்ஞ்சது நான்." தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள்.

அண்ணா கோபப்படவில்லை. சிரித்தார். "நம்மகிட்ட கூலிக்கு வேலை பார்க்குது மேடம். முப்பது தறி ஓடுது. டிசைன் நம்மளுது, நூல் நம்மளுது. யார் யார் கை பட்டுதுன்னு எப்டி மேடம் சொல்றது?"

"சொல்லலாம் மேடம்" என்றாள் அவள். "எங்க தெருவுல தறிக்கு ஒரு கோடு உண்டு. எல்லாப் புடவையும் ஒரே மூட்டையில போறதால, யாருதுன்னு தெரியறதுக்கு, ஆரம்பிக்கறப்பவே அவங்கவங்க கோட்டப் போட்டுட்டுதான் நெய்வோம். ஒருத்தர் கோட்ட இன்னொருத்தர் போட மாட்டாங்க. என் கோடு மூணு சிவப்பு, ஒரு பச்சை, மூணு சிவப்பு. முனையில பாருங்க மேடம்."

காலடியில் இருந்த கழிவுப் பையைப் பார்த்தேன்.

மேடம் ஒரு முனையைப் பார்த்தார். மறுமுனையைப் பார்த்தார். இரண்டிலும் என் தையல்தான் இருந்தது. கொஞ்சமும் கோணாத தையல். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். வாசலருகில் என் மெஷின். புடவையோடு என்னிடம் வந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

"நீங்கதானே ஓரம் அடிச்சீங்க? இதுல கோடு ஏதாவது இருந்துச்சாம்மா? வெட்டிட்டீங்களா?"

வெட்டிட்டீங்களா. முப்பது வருடமாக இந்தக் கேள்வி எந்த வாயிலிருந்து வந்தாலும் என் பதில் ஒன்றுதான். தலையைத் தூக்கவில்லை. குரலில் அந்தப் பரிதாபம்கூடத் தவறாமல் வந்தது.

"துணியே அப்படித்தான் வந்துச்சு மேடம்."

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அது நான் யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருவதுபோல வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன். ஆனால் அந்த மேடம் நல்ல மனுஷி. கிளம்பிவிடவில்லை. குனிந்து, என் முகத்தைப் பார்த்து, "நல்லா ஞாபகம் இருக்காம்மா? அவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்" என்று இன்னொரு தடவை கேட்டார். அப்போது நான் தலையைத் தூக்கினேன். அவர் தோளுக்குப் பின்னால் அண்ணா நின்றிருந்தார், அதே சிரிப்போடு. அவள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். பத்தொன்பது நாள் என் குழம்பைச் சாப்பிட்டவள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை, நான் சொல்லிவிடுவேன் என்றுதான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா மேடம்" என்றேன். முதல் பொய்யை என் வாய் சொன்னது. இரண்டாவதை நான் சொன்னேன்.

"சாரிம்மா. ப்ரூஃப் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்?" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேடம் வாசலைத் தாண்டினார். அண்ணா கூடவே கார்வரை போனார்.

அவள் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். கழிவுப் பையை எடுத்துத் தரையில் கொட்டினாள். பிசிறும் துணுக்குமாகக் குவிந்ததில் விரலை விட்டுத் துழாவினாள். அதிக நேரம் ஆகவில்லை, காலையில் வெட்டியது மேலாகத்தான் கிடந்தது. மஞ்சள் துண்டில் மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மூன்று சிவப்பு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே மண்டபத்துக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. கேட்டை அடைத்துக்கொண்டு ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. மேடத்தின் கார் வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் இருவருமே பார்த்தோம்.

"அக்கா, கார் நிக்குது. வாங்க. இந்தத் துண்ட மட்டும் காட்டினா நம்ப மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எழுந்து இருபதடி நடந்தால் போதும். நான் குனிந்துகொண்டேன். "இரும்மா, நூல் சிக்கிக்கிச்சு" என்றேன். சிக்கவே இல்லை. பாபினைக் கழற்றினேன், ஊதினேன், மறுபடி மாட்டினேன், மறுபடி கழற்றினேன். லாரிக்காரரை யாரோ "வா வா வா, ஒடி, ஒடி" என்று கத்தி ஓரங்கட்டவைத்தார்கள். லாரி விலகியது. கார் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

அவள் அந்தத் துண்டை என் மெஷினின் மேல் வைத்தாள். "உங்க கழிவு. நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. அதற்குள், காரை அனுப்பிவிட்டு உள்ளே போயிருந்த அண்ணாவின் குரல்: "தறியாண்ட ஆளக் காணோமே, கொழந்தைங்க வந்துகினு கீது பாரு!" அவள் எழுந்துபோய் மேடையேறினாள். யாருடைய மகளோ தறியில் உட்கார்ந்து கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டது. அன்று மத்தியானம் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

மேசை அண்ணாவுக்குக் கிடைத்தது. பலகையில் அவர் பெயர். எனக்கும் கிடைத்தது. அன்றுமுதல் அவருடைய எல்லாக் கண்காட்சியிலும் எனக்கு நிரந்தர இடம். மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால், நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸ், நீச்சல்குளத்தைப் பார்த்தபடி ஏசியில் என் மெஷின். வேலைதான் கொஞ்சம் மாறியது.

"இனிமே நம்ம புடவை அத்தினியும் மொதல்ல உங்கிட்ட வந்துட்டுதான் வெளிய போவும் அக்கா. ரெண்டு முனையும் வெட்டி அட்சிக் குட்துடு. ஒரு கோடும் இருக்கக் கூடாது. பினிஷிங் முக்கியம்" என்றார் அண்ணா.

கோடு எதற்கென்று தெரிந்துதான் அவர் அன்றைக்கு வெட்டச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் வெட்டினேன். வயிற்றுப்பாடு என்று சொல்ல மாட்டேன். மகன் பணம் அனுப்புகிறான், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஏசி பிடித்திருந்தது. வருகிறவர்கள் மரியாதையாகப் பேசுவது பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்வது சுலபம்.

மூட்டை வந்தால் நூல்கோடு நூல்கோடாக வரும். இரண்டு நீலம் ஒரு வெள்ளை. ஐந்து கறுப்பு. பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி. ஒவ்வொன்றும் அந்தத் தெருவில் ஒரு வீடு. எல்லாவற்றையும் வெட்டினேன். மாதத்துக்கு இரண்டு புடவையாவது மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மூன்று சிவப்போடு வரும். அவள் இன்னும் இவருக்குத்தான் நெய்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அந்தத் துண்டுகளை மட்டும் பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். அதனால் யாருக்கு என்ன புண்ணியம் என்று கேட்காதீர்கள். ஒன்றும் இல்லை.

போன மார்கழியில் நாவலூர் கிளப் ஹவுஸில் இருந்தோம். இரண்டு மாதமாக அவள் கோடு வரவில்லை. ஒருநாள் காலையில் அண்ணா போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அந்தப் பொம்பள நம்மள வுட்டுட்டுப் பூட்ச்சி. போவசொல்லோ ஒரு புடவைய நாஸ்தி பண்ணிட்டுப் பூட்ச்சிப்பா. ஒரே பேஜாரு." புடவையை என்னிடம் அனுப்பாமலே டேமேஜ் குவியலில் போட்டுவிட்டிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. கையில் தட்டான் புடவை.

"அக்கா, ஃபால்ஸ் வெச்சுக் குடுங்க. டேமேஜ் பீஸ்னு பாதி விலைக்குக் குடுத்தாங்க. உள்ள கோடு கோடா ஓடுது. அதை மட்டும் வெட்டித் தெச்சுட முடியுமா?"

மேசையில் விரித்தேன். முனை இரண்டும் சுத்தமாக இருந்தன. என் கத்தரிக்கு அங்கே ஒரு வேலையும் வைக்கவில்லை தறியம்மா. தட்டான்களுக்கு நடுவில், புடவையின் அகலம் முழுக்க, மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மூன்று சிவப்பு. ஒரு முழம் தள்ளி மறுபடி மூன்று சிவப்பு, ஒரு பச்சை, மூன்று சிவப்பு. இன்னொரு முழம் தள்ளி மறுபடி. கொசுவத்தில், இடுப்பில், மார்பில், தோளில், முந்தானையில், எங்கே தொட்டாலும் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் புடவையைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டும்.

"வெட்டினா புடவை மிஞ்சாதும்மா" என்றேன்.

"எப்படிக்கா இப்படி ஆச்சு?"

"துணியே அப்படித்தான் வந்துச்சு" என்றேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. தலையைத் தூக்கித்தான் சொன்னேன். சொன்ன வேகத்தில், "இது டேமேஜ் இல்லம்மா. நெய்ஞ்சவங்க போட்ட அடையாளம். அவங்க கையெழுத்து மாதிரி. அப்படியே கட்டு" என்றும் சொன்னேன். அண்ணா நாலு அடி தள்ளித்தான் நின்றார். கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோனது. "அய்யோ, சூப்பர்க்கா! அப்ப இதை போட்டோ எடுத்துப் போடறேன். யார் நெய்ஞ்சது? அவங்க பேரு என்ன?" போனைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பத்தொன்பது நாள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். 'ஏம்மா' என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டேன். அவள் பெயரை அவளே சொன்னாள், அந்த மேடத்துக்கு முன்னால், ஊரோடு, தெருவோடு, மண்டபமே கேட்கும்படி. எல்லோருக்கும் கேட்டது. அந்த நேரம் நான் அண்ணாவின் முகத்தையும் மேடத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

"பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு அவள் நீச்சல்குளத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் ஃபால்ஸ் வைக்க ஆரம்பித்தேன்.